மெல்பர்னிலிருந்து பதினொரு மணி நேரம்

என் தம்பியால் அம்மாவுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போனதற்கு விமானம் காரணமில்லை. நான்தான் காரணம். பொய் சொன்னேன்!

மெல்பர்னிலிருந்து பினாங்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாதா? சிங்கப்பூர் வரை எட்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கே கொஞ்சம் காத்திருப்பு. பிறகு ஒரு குட்டித் தூக்கத்துக்குள் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். எல்லாம் சேர்ந்து பதினொரு மணி நேரம்... அம்மா மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு அது.

அவன் புறப்படும் நாளில் அவள் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். "இப்பக் கடல் மேல இருப்பான்... இப்ப சிங்கப்பூர்ல எறங்கிருப்பான்லா! பெரியவனே, கெரெத்தாவ எடுடா!" முணுமுணுத்துக்கொண்டே காரை எடுப்பேன். தொப்பையோடு வந்து நிற்பவனைப் பார்த்து, "எளச்சிட்டியேடா!" என்று கன்னத்தைத் தடவுவாள். திரும்பும் வழியில் மூவரும் நாசி கண்டார் சாப்பிடுவோம். ஐயோ, அந்த நாள்கள் இனி வருமா!

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். அப்பாவுக்கு நான் வைத்துவிட்டேன். அம்மா அவனுடைய முறை.

அவள் ஒரு விடியற்காலையில் போனாள். தம்பி போனில் அழுதான். "மத்தியானப் பிளைட் கெடச்சிருச்சுண்ணே. ராத்திரிக்குள்ள வந்துருவேன். நாளைக்குக் காலைல எடுக்கலாம்ண்ணே..."

கூடத்தில் மாமா கேட்டார். "சின்னவன் எப்பப்பா வர்றான்?"

"நாளைக்கு ராத்திரி ஆயிரும் மாமா. டிக்கெட்டே இல்லையாம்."

"அவ்வளவு நேரம் வச்சிருக்க முடியாதுப்பா. நீயே வச்சிரு."

தம்பியிடம், "பெரியவங்க காத்திருக்க மாட்டேங்கிறாங்கடா" என்றேன். அன்றிரவே அவன் வந்து நின்றபோது, "எப்படியோ சீட்டுக் கெடச்சிருச்சாம் மாமா" என்றேன். ஒரு நாக்கு, மூன்று பொய்!

ஏன் செய்தேன்? கடைசிக் காலத்தில் அவளைக் குளிப்பாட்டியவன் நான். சோறு ஊட்டியவன் நான். ஆனால் அவள் மணி எண்ணியது அவனுக்காக! பக்கத்திலேயே கிடக்கும் பிள்ளைக்காக யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்? அந்த வயிற்றெரிச்சல்... அன்று ஒரு நாளாவது அவள் எனக்கு மட்டும் அம்மாவாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். மின்சுடலையில் என் கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

தம்பி என்னைக் கட்டிக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தியேண்ணே... அது போதும்" என்றான். திட்டியிருக்கக் கூடாதா அவன்!

இன்று அம்மாவின் திதிக்கு வருகிறான். கடிகாரத்துக்குக் கீழே அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கடல் மேல் இருப்பான்... இப்போது சிங்கப்பூரில் இறங்கியிருப்பான்...

கார் சாவியை எடுத்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுவேனா? போன வருடமும் இதே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இதையேதான் கேட்டேன்.