தண்டவாளத்தில் நகர்ந்த கோயில்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செக் நாட்டுக்காரர். நரைத்த புருவம், முழங்கால் முன் சீட்டில் இடிக்கும் உயரம். வழியில் வரும் ஒவ்வொரு ஊரின் பெயரையும் என்னிடம் கேட்டு, மிட்டாயைப் போல வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்ப்பார்.

மலை ஏற ஏற மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்தது. அவர் தன் சின்ன ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். அடியில் நிலக்கரி இருந்ததால் பழைய ஊரையே இடித்துவிட்டார்களாம். பல நூறு வருஷத்து மாதா கோயிலை மட்டும் அப்படியே பெயர்த்துத் தண்டவாளத்தில் ஏற்றி, எறும்பைவிட மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்களாம்.

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டார், எதிர் சீட்டில் சாமை மூட்டையோடு இருந்த மலைக்கார அக்கா. சொன்னேன்.

"நவுத்தறதுக்கு முன்னாடி சாமிகிட்ட பூ வச்சு உத்தரவு கேட்டாங்களாமா?"

அதை அவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்:

"யாரும் கேட்கவில்லை. ஊர் இருந்த இடத்தில் நிலக்கரிக்குத் தோண்டிய பள்ளம் இப்போது ஏரி. என் அம்மா கடைசிவரை அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் நின்றுதான் கும்பிடுவாள்."

இதை நான் தமிழில் சொன்னதும் அக்கா தலையாட்டினார். "பின்ன? சாமி அங்கதான் கீது."

நான் ஆங்கிலத்தில் சொல்வதற்குள், "அங்கதான்" என்று செக் நாட்டுக்காரரே மெல்லச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொன்னார். வெள்ளிமலை வரை சொல்லிக்கொண்டே வந்தார். அர்த்தம் என்ன என்று கேட்கவே இல்லை. ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டாரோ, என்னவோ.