அட்டைப் பெட்டியில் ஒரு கௌபாய் ஊர்

மேடை அலங்காரத் தொழிலில் எங்களை நடுங்க வைக்கிற சொல் ‘சிம்பிளா போதும்’ என்பதுதான். சிம்பிளாக இருக்க வேண்டும், செலவே தெரியக் கூடாது, ஆனால் வாசலில் கால் வைத்தவர்கள் அசந்து நிற்க வேண்டும் என்பது அதன் முழு அர்த்தம். பலூன் ஊதிக் கன்னம் வலித்தவர்களும், சாட்டின் துணி மடிப்பில் தொலைத்த குண்டூசியை உள்ளங்காலால் கண்டுபிடித்தவர்களும் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

என் பேர் மாரி. சங்கரன்கோவிலில் நானும் ரஹ்மத்தும் சேர்ந்து இந்தத் தொழிலைச் செய்கிறோம். சடங்கு வீடு, வளைகாப்பு, பிறந்தநாள் எல்லாம் எங்கள் கைதான். துணி கட்டுவது, ஆணி அடிப்பது, வாடிக்கையாளரிடம் வாய் கொடுப்பது என் வேலை. ரஹ்மத் கடையநல்லூர்க்காரி. அவள் தெர்மகோலில் எழுத்து வெட்டினால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அவள் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். போன கோடை விடுமுறையில் முதல் முறையாக ஒரு கிறிஸ்தவ சபையிலிருந்து எங்களை அழைத்தார்கள். பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டு, கதை, விளையாட்டு என்று ஒரு வாரம் நடத்துகிற விடுமுறைப் பள்ளி. இது நன்றாக அமைந்துவிட்டால் கிறிஸ்துமஸ், கல்யாணம் என்று அந்தப் பக்கமும் வேலை வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் ரொம்பவே ஆசைப்பட்டோம்.

எந்த மேற்கு?

ஞாயிறுப் பள்ளியைப் பார்த்துக்கொள்கிற ஜெயசீலி டீச்சர் போனில் ‘வெஸ்டர்ன் தீம்’ என்றார். தெரியாது என்று சொன்னால் வேலை கை நழுவிவிடும் என்று பயந்து, ஜோராகப் பண்ணிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் அந்தச் சொல் லாட்ஜில் ரூம் எடுக்கும்போது மட்டும்தான் காதில் விழும், அதுவும் பாத்ரூம் விஷயமாக. சபையில் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்கிற அளவுக்கு எங்களுக்கும் புத்தி உண்டு. வெஸ்டர்ன் என்றால் மேற்கு, மேற்கு என்றால் எங்கள் ஊருக்கு மேற்கே தெரிகிற மலை என்று முடிவு கட்டினோம். ரஹ்மத் சார்ட் அட்டைகளை ஒட்டி, நீல மலை, அடியில் குளம், பச்சை வயல், ராஜபாளையம் போகிற பஸ் என்று ஒரு மாதிரிப் படம் வரைந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரமாக ஒரு ஆளைக்கூட உட்கார வைத்திருந்தாள்.

டீச்சர் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து இன்னொரு படத்தைக் காட்டினார். தொப்பி வைத்த ஆள், குதிரை, ஆள் உயரக் கள்ளி, மரத்தில் கட்டின கடைகள். பிள்ளைகளுக்கு வந்திருக்கிற பாட்டுப் புத்தகத்தின் அட்டையே அப்படித்தானாம். எங்கள் மனசு நோகக் கூடாதென்று மெதுவாகத்தான் சொன்னார்.

“அக்கா, நீங்க வரஞ்சிருக்கது வாசுதேவநல்லூரு. நமக்கு வேண்டியது அதுக்கும் ரொம்ப மேக்க இருக்கு.”

சலூன் கதவு

டீச்சர் காட்டின படத்தில் ஒரு கடைக்கு முன்னும் பின்னும் ஆடுகிற அரைக்கதவு இருந்தது. மேலே பலகையில் ‘சலூன்’ என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கதவை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிற பால்ராஜ், ஏசி போட்டுக் கண்ணாடிக் கதவு மாட்டினபோது, பழைய அரைக்கதவைக் கழற்றிப் பின்னால் போட்டு வைத்திருந்தார். கேட்டதும் தூசி தட்டி, எண்ணெய் போட்டு, தன் கையாலேயே வார்னிஷும் அடித்துக் கொடுத்தார். சபையில் தன் கதவு நிற்கப் போகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

நிறுத்தி முடித்து ரஹ்மத் வெட்டின எழுத்தையும் ஒட்டின பிறகு, சபைக் கமிட்டியில் இருக்கிற தேவராஜ் அண்ணாச்சி வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். செல்போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, அமெரிக்காக்காரன் ஊரில் சலூன் என்றால் சாராயக் கடை, அதைப் பிள்ளைகள் மேடையில் வைக்க முடியாது என்றார். எங்கள் ஊரில் சலூன் என்றால் கட்டிங், ஷேவிங்தான் என்று நான் வாதாடினேன். கடைசியில் டீச்சர் நடுவே வந்து, கதவு இருக்கட்டும், பேரை மட்டும் மாற்றுவோம் என்று முடித்து வைத்தார். ரஹ்மத் ராவோடு ராவாக ‘லெமன் ஜூஸ்’ என்று வெட்டி ஒட்டினாள். மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தன் கதவைப் பார்க்க வந்த பால்ராஜ், பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, விஷயத்தை முழுக்கக் கேட்டார். முகம் வாடிப் போனது.

“எங்கடையில அது நின்ன வரைக்கும் ஒருத்தன்கூட அத ஒரு தப்புச் சொல்லு சொன்னதில்லக்கா.”

கள்ளிக்கு வேறு உத்தியோகம்

கள்ளிக்கு நான் கவலையே படவில்லை. பனவடலிசத்திரம் போகிற வழியில் வேலியோரம் வேண்டிய மட்டும் கிடக்கிறது. சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு நல்ல கொழுத்த சப்பாத்திக் கள்ளியாக வெட்டி வந்து, சபை வாசலில் இரண்டு பக்கமும் தொட்டியில் நட்டு வைத்தேன். ஓசியில் கிடைத்தது, பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. எதிர்த்த டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, சபைக்கு யார் கண் பட்டது என்று கேட்டார். நம் ஊரில் வாசலில் கள்ளி நின்றால் அது எதற்கு என்று யாருக்குத்தான் தெரியாது? போதகர் ஐயா சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்றைக்கே எடுத்துவிடச் சொன்னார்.

பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, பச்சை பெயின்ட் அடித்து, ஈர்க்குச்சியை முள்ளாகக் குத்தி வைத்தோம். அசல் கள்ளியைவிட அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் நாள் மத்தியானம் பிள்ளைகளுக்குக் கத்திச் சண்டை விளையாட ஈர்க்குச்சி தேவைப்பட்டிருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு முள்ளும் மிச்சமில்லை. வழவழவென்று பச்சையாக எதுவோ நின்றுகொண்டிருந்தது. நான் தலையில் கை வைத்தேன். ரஹ்மத் சுற்றி வந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“விடுங்கக்கா, யாரும் கேட்டா சொரக்கான்னு சொல்லிக்கிடுவோம்.”

தேய்ந்த மேடை

படத்தில் எல்லோரும் வைக்கோல் கட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். சலூன் விஷயத்தில் எங்களை அலைக்கழித்தது மனசில் உறுத்தியதோ என்னவோ, தேவராஜ் அண்ணாச்சியே தன் வயலிலிருந்து மெஷினில் சுருட்டின வைக்கோல் கட்டுகளை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். மேலே சாக்கு விரித்தோம். பிள்ளைகள் சொறிந்துகொண்டே உட்கார்ந்தாலும் ஆசையாக உட்கார்ந்தார்கள்.

மறுநாள் மேடை கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. அதற்கு மறுநாள் இன்னும் அகலம். பாட்டுக் கோஷ்டியில் பாதிப் பேர் நின்றுகொண்டு பாட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் ஒளிந்து நின்று பார்த்தேன். அண்ணாச்சி தன் ஸ்கூட்டரில் ஒரு வைக்கோல் கட்டை வைத்து நிதானமாகக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் கறவை மாடு இருக்கிறதாம், வைக்கோல் எல்லாம் இங்கே வந்துவிட்டதாம். நிகழ்ச்சி முடியும் வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“மாடு திங்காம இருந்தா பாலு நின்னுரும், மாரி. இவனுவ உக்காராம இருந்தா என்ன நின்னுரப் போவுது?”

தேடப்படுகிறவர்

இதை மட்டும் நான் இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வதில்லை.

கௌபாய் ஊர்களில் திருடனுடைய படத்தைப் போட்டுத் ‘தேடப்படுகிறவர்’ என்று சுவரில் ஒட்டுவார்களாம். டீச்சர் அதை அழகாக மாற்றி யோசித்திருந்தார். பிள்ளைகளுடைய போட்டோவைப் போட்டு, மேலே பெரிசாகத் ‘தேடப்படுகிறவர்’, கீழே ‘இயேசு இவரைத் தேடுகிறார்’. காகிதத்தை டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்து, ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்கினோம். செலவே இல்லை, அத்தனையும் நூறு வருஷப் பழசு மாதிரி வந்தது. உள்ளே இடம் போதாமல், கொஞ்சத்தை வெளிச்சுவரில் ஒட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் ரஹ்மத்தின் போனுக்குத் தம்மாமிலிருந்து அவள் வீட்டுக்காரர் ஒரு படம் அனுப்பினார். உங்கள் ஊரில் ஒரு பிள்ளையைக் காணோமாம், பார்த்தால் சொல்லு, நாலு பேருக்கு அனுப்பு என்று கூடவே குரல் பதிவு. அவள் படத்தைத் திறந்தாள். அவள் வெட்டின எழுத்து, அவள் கருக்கின ஓரம். யாரோ ஒரு புண்ணியவான் வெளிச்சுவரைப் போட்டோ எடுத்து, கீழ்வரியை விட்டுவிட்டு, மேல்பாதியை மட்டும் வாட்ஸப்பில் போட்டிருக்கிறார். படத்தில் இருந்தது இளையரசனேந்தலிலிருந்து வருகிற ஏஞ்சல். அவளுடைய அம்மா செல்வி தீப்பெட்டி செய்கிற ஆபீஸில் வேலை பார்க்கிறவள். வேலை நேரத்தில் கையில் போன் இருக்காது.

நாங்கள் அவளுக்குத் தகவல் சொல்ல வழி தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். சாப்பாட்டு வேளையில், உடன் வேலை பார்க்கிறவள் ஒருத்தி படத்தைக் காட்டியிருக்கிறாள். செல்வி அப்படியே எழுந்து, கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை, விரலெல்லாம் தீப்பெட்டி மருந்து. ஏஞ்சல் லெமன் ஜூஸ் கடை வாசலில் தொப்பி வைத்துக்கொண்டு டம்ளரோடு நின்றாள். செல்வி ஓடி வந்தவள், பிள்ளையைக் கண்டதும் நடுவழியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, ஒரு வார்த்தை வையவில்லை. பிள்ளைதான் பக்கத்தில் போய் ஜூஸைக் கொடுத்தாள். செல்வி எங்களை வைதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜெயசீலி டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ரஹ்மத் ஏஞ்சலை நிற்க வைத்து ‘நான் இங்கதான் இருக்கேன்’ என்று பேச வைத்து வீடியோ எடுத்து, அதே குழுக்களுக்கெல்லாம் அனுப்பினாள். காணோம் என்ற படம் போன வேகத்தில் அது போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் வெளிச்சுவரில் இருந்ததையெல்லாம் கிழிக்கப் போனேன். செல்வி எழுந்து வந்து, மகளுடைய படத்தை மட்டும் கிழிக்காமல் எடுத்துத் தரச் சொன்னாள். கீழ்வரியை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தாள். பிறகு சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

“ஆண்டவரு தேடட்டும் டீச்சர், நான் வேண்டாம்னு சொல்லல. போஸ்டர் ஒட்டுததுக்கு முந்தி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா.”

நடந்து போன ஊர்

கடைசி நாள் சாயங்காலம் பெற்றோர் எல்லோரும் வருகிற நிகழ்ச்சி. மேடை வெளியே, சபை முற்றத்தில். ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்த நேரத்தில் காற்று கிளம்பியது. அந்த மாதத்தில் எங்கள் பக்கத்துக் காற்று சேலையை மட்டும் விட்டுவைத்தால் பெரிய விஷயம். அட்டையில் செய்த பேங்க், குதிரை லாயம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன. நானும் ரஹ்மத்தும் கயிற்றைக் கட்டினால் ஆணி வருகிறது, ஆணியைப் பிடித்தால் அட்டை கிழிகிறது. இவ்வளவு நாள் பட்ட பாடு இப்படி எல்லோர் முன்னாலும் கவிழ்ந்து கிடக்கிறதே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி எந்தச் சபை நம்மைக் கூப்பிடும்?

ஏஞ்சல்தான் முதலில் போய் போலீஸ் ஸ்டேஷனைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு கட்டடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னால் நின்று பிடித்துக்கொண்டே பாடினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் இரண்டு கால், சிலதுக்கு நாலு. பாட்டு நடுவே அம்மாவைக் கண்ட கட்டடம் கூட்டத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்து வந்தது. குதிரை லாயம் இடது கையை வெளியே நீட்டி ஆட்டியது. பேங்குக்கு மூக்கு அரித்தது. சனங்கள் சிரித்த சிரிப்பில் காற்றுச் சத்தமே கேட்கவில்லை. செல்வி முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினாள்.

முடிந்ததும் தேவராஜ் அண்ணாச்சி எங்களிடம் வந்தார். கிறிஸ்துமஸ் மேடையையும் நாங்களே போட வேண்டும் என்று கமிட்டியில் பேசியாகிவிட்டதாம். போகிறவர், நின்று திரும்பினார்.

“நானும் எத்தனையோ ஸ்டேஜ் பாத்தாச்சு, மாரி. ஊரே எந்திரிச்சு வந்து அம்மாமாருக்கு டாட்டா காட்டுனது இதுதான் மொதத் தடவ.”

அட்டையும் ஆணியும் கயிறும் எங்களுடையவைதான், ஆனால் மேடையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றவர்கள், ஈர்க்குச்சியைப் பிடுங்க மட்டும் வந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள்தான்.