சீத்தாக்கொட்டை அரைத்த சனிக்கிழமை

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று ஒரு தட்டு சீத்தாப்பழம் கொடுத்தனுப்பினாள். தின்று முடித்து, கொட்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன். "கொட்டைக்கு இவ்ளோ மரியாதையா அத்தே?" என்று மருமகள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். எனக்கு இருபது வயது. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் டீச்சர் வேலை. ஓமந்தூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊரில் கைக்கடிகாரம் கட்டிய முதல் பெண் நான்தான். அது பாதி நாள் ஓடாது. ஓடாவிட்டாலும் நாலு பேர் பார்க்கும்படி அடிக்கடி மணி பார்த்துக்கொள்வேன்.

விடுதி என்றால் எனக்கு முதலில் வருவது வேப்பெண்ணெய் வாசனைதான். அதற்கு அடியில் காயாத தலையின் ஈர வாசனை. முப்பது பெண்கள் ஒரே கூடத்தில் பாயை ஒட்டிப் போட்டுப் படுத்தால் பேன் எங்கே போகும்? என் தலைக்கும் வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சாக்பீஸ் முனையால் சொறிந்துகொள்வேன். கொண்டையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்திருக்கும். பிள்ளைகள் ஒருத்தியும் சொன்னதில்லை.

பேனையாவது சீப்புப் போட்டு வாரி எடுத்துவிடலாம். அதன் முட்டை, ஈறு, போகாது. முடியோடு பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரு வாரத்தில் பொரித்து, தலை மறுபடி பழைய கதையாகிவிடும். மற்ற நாளாக இருந்தால் மண்ணெண்ணெய் தடவுவோம். அப்போது விளக்குக்கே அளந்துதான் கொடுத்தார்கள். பெரிய டீச்சர் ஒரு நாள் கூடத்தில் நின்று, "திங்கக்கிழமை நாவிதர் வர்றாரு. ஈறு இருக்கிற தலையெல்லாம் மொட்டை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அஞ்சலை என்னிடம் வந்தாள். பெருமுக்கல் பக்கத்தில் கூலிவேலை செய்த கன்னியப்பனின் மகள். பதினோரு வயது, இடுப்பு வரை முடி. அவள் அழவில்லை.

"இது என் முடி இல்ல டீச்சர். தம்பிக்கு அம்மை போட்டப்ப மயிலம் சாமிக்கு நேர்ந்துக்கினாங்க. பங்குனி உத்திரத்துக்கு மலையிலதான் எறக்கணும்" என்றாள்.

பெரிய டீச்சரிடம் போய்ப் பேசியிருக்கலாம். எனக்கு அவரிடம் பயம். பயத்தை விட, எனக்கு ஒரு மருந்து தெரியும் என்ற கர்வம். எங்கள் வீட்டில் சீத்தாக்கொட்டையை உடைத்து, பருப்பை மைய அரைத்து, வேப்பெண்ணெயில் குழைத்துத் தலைக்குப் போடுவார்கள். பேனும் சாகும், ஈறும் சாகும். கண்ணில் மட்டும் படக் கூடாது. விடுதிக் கிணற்றடியில் இரண்டு சீத்தா மரங்கள் இருந்தன. பிள்ளைகள் தின்று துப்பிய கொட்டைகளை நானும் அவளும் பொறுக்கினோம்.

சனிக்கிழமை வெயிலில் அவளைக் கிணற்றடிக் கல்லில் உட்காரவைத்தேன். எங்கள் வீட்டு வாசலுக்குள் அவளை விட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தலையை என் மடியில் சாய்த்து மருந்தைத் தடவினேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெற்றியைச் சுற்றித் துணி கட்டி, "கண்ண மூடிக்கோ. நான் வந்து அலசுற வரைக்கும் ஆடாத, எதையும் தொடாத" என்றேன்.

அப்போது தபால்காரர் வந்தார். விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கு என்னைப் பேசியிருந்தார்கள். அவர் எழுதிய கடிதம். சம்மதம் என்று நான்கே வரி. வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கடிகாரமும் அன்று ஓடவில்லை.

திரும்பி வந்தபோது அதே கல்லில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். துணி வியர்வையில் நனைந்து இறங்கி, எண்ணெய் வலது கண்ணுக்குள் வழிந்திருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்சா ஓடிப் போய்க் கழுவக் கூடாதா?" என்றேன்.

"நீங்க ஆடாதன்னு சொன்னீங்களே டீச்சர்."

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். விளக்கெண்ணெய் விட்டோம். தாய்ப்பால் கேட்டு வாங்கி விட்டோம். இரண்டு நாளில் வடிந்துவிடும் என்றார் பெரிய டீச்சர். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. திங்கட்கிழமை நாவிதர் வந்தபோது, கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவளை மட்டும் விட்டுவிட்டார்கள். நான்காம் நாள்தான் ரயிலேற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார். கண்ணில் பூ விழுந்துவிட்டது.

மறுநாள் கன்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முழங்கால் வரை செம்மண். கட்டிலருகே நின்று அவர் முதலில் கேட்டது, "முடி இருக்குதா டீச்சரம்மா?"

போர்வையை விலக்கிக் காட்டினேன். சடையைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அதற்கப்புறம்தான் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அஞ்சலை பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. பங்குனி உத்திரத்தன்று நான் மயிலம் போனேன். ஒளிந்து நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அவளே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு ஈறுகூட உசுரோட இல்லையாம் டீச்சர். முடி எறக்குனவரு சொன்னாரு. எல்லாம் வெறும் ஓடாம். நீங்க போட்டது நல்ல மருந்து."

அந்தக் கடிதத்தின்படியே கல்யாணமாகி விழுப்புரம் போனேன். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினோம். நல்ல மனிதர். அவர் கடிதம் கைக்கு வந்தபோது நான் எதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன் என்று அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது அவரும் இல்லை. விடுதி இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். பேனுக்கு மருந்துக்கடையில் பாட்டில் கிடைக்கிறது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி அதன் மேல் அச்சடித்தே இருக்கிறது.

போன தை மாதம் துணிந்து அவள் ஊருக்குப் போனேன். தெருவில் பழைய வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. குழாயடியில் நின்ற ஒரு பெண்ணிடம், கன்னியப்பன் மகள் அஞ்சலை என்று விசாரித்தேன்.

"கன்னியப்பன் யாருன்னு தெர்லியேம்மா. அஞ்சலைன்னு இங்க நாலு பேரு இருந்தாங்க. அடையாளம் எதுனா சொல்லுங்க" என்றாள்.

அடையாளம் இருந்தது. என் வாயால் அதைச் சொல்ல வரவில்லை. "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.