நத்தையின் படை நகரவில்லை

பயம் என்பது மற்றவர்களுக்கு வரும், போகும். லென்ஸ்காரருக்கு அது வீட்டோடு தங்கிவிட்ட சொந்தக்காரர். கடைத்தெரு மூலையில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்ப்பது அவர் வேலை. லென்ஸ் உடைந்துவிடுமோ என்று பயப்படுவார். உடையாமல் வந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்காவது விழுந்திருக்குமோ என்று பயப்படுவார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருவார். வந்தது வந்தோம் என்று உள்ளே போய் கேஸ் அடுப்பின் திருகையும் பார்ப்பார். அவர் மனைவி இதற்கெல்லாம் கோபப்படுகிற கட்டத்தைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. அவர் பார்த்துவிட்டு வரட்டும் என்று தெருமுனையிலேயே நின்றுகொள்வாள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் படை நடத்துகிறார் என்று சொன்னால் கடையில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதனால் அவர் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரில் ஆடும் போர் விளையாட்டு அது. நாலு பேருக்கு நாலு நாடு. கோட்டை கட்டி, படை திரட்டி, மற்ற மூவரையும் ஒழித்துக்கட்ட வேண்டும். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி, ஒரே குரல் இணைப்பில் ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டே ஆடுவார்கள். முகம் தெரியாது, பெயரும் தெரியாது, பட்டப்பெயர்தான். எடுத்த எடுப்பில் சுவருக்கு மேல் சுவராகக் கட்டி உள்ளே பதுங்கிக்கொள்வதால் லென்ஸ்காரர் 'பூட்டு'. பேக்கரியில் வேலை பார்க்கும் ஒருவன், மாவு பொங்குவதற்குக்கூடப் பொறுக்காதவன் என்பதால் 'அவசரம்'. ஆட்டம் ஓடுகிற சர்வர் கம்ப்யூட்டர் ஒரு கணக்கு டீச்சருடையது, அவர் சொன்னால் சொன்னதுதான். நாலாவது ஆள் தனிக்கட்டை, லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆற அமர யோசித்து, எல்லோரும் களைத்துப்போன பிறகே படையை நகர்த்துவார். அவர் 'நத்தை'. காதில் எதையும் மாட்டப் பிடிக்காமல் ஸ்பீக்கரை அலறவிட்டு ஆடுவார். அதனால் மற்றவர்கள் பேசுவது அவர் அறையில் எதிரொலித்துத் திரும்பி வரும். நடுநடுவே மிட்டாயைக் கடிக்கும் சத்தம் வேறு. "மாடு அசை போடுற மாதிரி இருக்குங்க" என்று அவசரம் புலம்பாத வாரம் இல்லை.

உண்மையில் ஆட்டத்தைவிட, ஆட்டத்தின் விதிகளைப் பற்றிய சண்டைக்குத்தான் நேரம் அதிகம் போகும். எதிரியின் நிலத்தை மறைக்கும் மூடுபனி வேண்டுமா வேண்டாமா, ஆரம்பத்தில் தானியம் எவ்வளவு, யாராவது எழுந்து போனால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாமா. அந்த ஞாயிறும் அப்படித்தான் தொடங்கியது.

"மூடுபனியை எடுத்துடலாமே," என்றார் லென்ஸ்காரர். எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகாது.

"எல்லாம் தெரிஞ்சுட்டா அது போரா? கண்காட்சிங்க," என்றான் அவசரம்.

"சரி, நிறுத்தமாவது வையுங்க டீச்சர். யாருக்காவது ஏதாவது ஒண்ணுன்னா?"

"பூட்டு, போன தடவை உங்க கோட்டை விழப் போகுதுன்னதும் கதவு தட்டுறாங்கன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்றார் டீச்சர். "நிறுத்தம் கிடையாது. படை அம்போன்னு நின்னா நிக்கட்டும்."

நத்தை மிட்டாயைக் கடித்தார். "நிக்கட்டுமே. சும்மா நிக்கிற படையைப் பார்த்துத்தான் எதிரி ரொம்பப் பயப்படுவான். ஓடி வர்றவனைக் கணக்குப் போட்டுடலாம். நிக்கிறவனை என்னன்னு கணக்குப் போடுவீங்க?"

அந்தப் பேச்சே அன்று அவருக்கு எமனாக வந்தது.

ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் ஆற்றங்கரையில் நத்தையின் படை நின்றுவிட்டது. குதிரைகள், வில்லாளர்கள், கல்லெறியும் பொறிகள் எல்லாம் லென்ஸ்காரரின் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றன. அவர் பதறிப்போய் இன்னொரு சுவர் எழுப்பினார். படை அசையவில்லை. அவசரம் வாய் ஓயாமல் சீண்டிப் பார்த்தான். நத்தை வாயே திறக்கவில்லை.

"ஆரம்பிச்சுட்டாருய்யா," என்றான் அவசரம். "சொன்ன தந்திரத்தைச் செஞ்சே காட்டுறாரு."

"கிட்டப் போகாதீங்க. வலை விரிச்சு வெச்சிருக்காரு," என்றார் டீச்சர்.

அப்போதுதான் இணைப்பில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அது ஏறிக்கொண்டே போனது. நம் கவனத்தைக் கலைக்கத்தான் நத்தை இப்படிச் செய்கிறார் என்று இருவரும் ஒரே குரலில் முடிவு கட்டினார்கள். லென்ஸ்காரருக்கு மட்டும் வேறொன்று உறுத்தியது. வெகுநேரமாக மிட்டாய் கடிக்கும் சத்தமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றி, சத்தத்தை வெளியே விட்டார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிர்ந்தாள். "யார் வீட்டு கெட்டில் அது? இறக்கி வைக்க ஆள் இல்லையா?"

"விளையாடுறவர் வீடு. எப்பவும் மிட்டாய் கடிச்சுட்டே இருப்பார். இன்னைக்கு அதையும் காணோம்."

"எப்பவுமா?" அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவளுடைய அப்பா சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர். "எங்கப்பாவும் சட்டைப்பையில மிட்டாய் வெச்சிருப்பார். சர்க்கரை இறங்கிட்டா ஆளே மயங்கிடுவார்னு."

அவள் சொல்லி முடிக்கும்போது விசில் நின்றது.

"அப்பாடா," என்றார் லென்ஸ்காரர். "இறக்கிட்டார் போல."

"இறக்கினா பாத்திரம் வைக்கிற சத்தம் கேக்குமேங்க. இது தண்ணி தீர்ந்து நின்ன மாதிரி இருக்கு. அடுப்பு எரிஞ்சுட்டுத்தான் இருக்கும்."

லென்ஸ்காரர் மைக்கில் வாயை வைத்து, "நத்தைக்கு என்னமோ ஆயிருக்கு. ஆட்டத்தை நிறுத்துங்க டீச்சர்," என்றார்.

அவசரம் சிரித்தான். "பார்த்தீங்களா, ஆத்தங்கரையில படையைக் கண்டதும் பூட்டுக்கு நிறுத்தம் வேணுமாம்." டீச்சரும் சிரித்துவிட்டார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்தவன் மூச்சு விட்டாலும் அதில் என்ன சூழ்ச்சி என்று பார்த்துப் பழகிய கூட்டம் அது.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நத்தையின் வீடு லென்ஸ்காரருக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் கண்ணாடி செய்துகொள்ள ஒருவர் கடைக்கு வந்து, "மெதுவாச் செய்யுங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்றபோதே, பின்னறையில் இருந்தவர் அந்தக் குரலைக் கண்டுகொண்டார். முன்னால் போய் நின்று நாலு வார்த்தை பேசவும் செய்தார். ஆனால் நான்தான் பூட்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. கோட்டை கொத்தளத்தோடு மிரட்டுகிற ஆள், சட்டையெல்லாம் லென்ஸ் தூளோடு நிற்கும் இந்த ஒல்லிக்குச்சியா என்று அந்த மனிதர் நினைத்துவிட்டால்? கால் வலியால் நத்தை வர முடியாமல் போக, தயாரான கண்ணாடியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தவரும் இவர்தான். நாலு தெரு தள்ளி, டயர் கடைக்கு மேல் மாடி. அன்றும் வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார்.

போய்க் கதவைத் தட்டி, நத்தை மிட்டாயை மென்றபடி வந்து திறந்தால் வெட்கக்கேடு. ஒளிந்திருந்ததும் தெரிந்துபோகும், அடுத்த ஞாயிறு மூன்று பேரும் வறுத்தெடுப்பார்கள். திறக்காவிட்டால் என்ன என்பதை நினைக்கவே அவருக்குத் தைரியம் இல்லை. எழுந்தார், உட்கார்ந்தார். மனைவி சமையலறையிலிருந்து சர்க்கரை டப்பாவோடு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. சும்மா இருந்தார்னா சிரிச்சுட்டு வந்துடலாம்."

ஸ்கூட்டரில் மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக வீட்டைப் பூட்டினோமா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டயர் கடையில் ஒருவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறும்போதே இரும்பு காய்ந்து கருகும் நெடி மூக்கில் ஏறியது. லென்ஸ்காரர் கதவைத் தட்டினார். பிறகு இடித்தார். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. உயிர் வந்தது அவருக்கு, யாரோ இருக்கிறார்கள் என்று. காதைக் கதவில் வைத்தார்.

"இப்ப பூட்டோட படையும் நிக்குது டீச்சர். ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துட்டாங்க."

"நானும் அதான் பார்க்கிறேன். பொறு, போகாதே. இதுல என்னமோ பெரிய திட்டம் இருக்கு."

ஸ்பீக்கர்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறை மாதிரி இருந்த அந்த அறையிலிருந்து, கூட விளையாடுகிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபோது லென்ஸ்காரருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. தன்னிடம் அப்படியொரு குரல் இருப்பதே தெரியாதவர், கதவோடு வாயை வைத்துக் கத்தினார்.

"திட்டமும் இல்லை, மண்ணும் இல்லை. நான் பூட்டு பேசுறேன். நத்தை வீட்டு வாசல்ல நிக்கிறேன். அவர் கதவைத் திறக்கலை. உள்ளே அடுப்பு எரியுது. கேக்குதா டீச்சர், இது விளையாட்டு இல்லை."

ஸ்பீக்கரில் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது.

கீழே ஓடிய மனைவி டயர் கடைக்காரரைக் கடப்பாரையோடு கூட்டி வந்தாள். தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது. சமையல் மேடையில் கெட்டிலின் அடி செக்கச்செவேலென்று காய்ந்திருந்தது. லென்ஸ்காரர் முதலில் திருகைத்தான் மூடினார். மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே நத்தை ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. எட்டிப் பிடிக்கப் பார்த்த மிட்டாய் ஜாடி கைக்கு எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. டயர் கடைக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய, மனைவி தரையில் உட்கார்ந்து விரல் நுனியில் சர்க்கரையைத் தொட்டு, அவர் கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. லென்ஸ்காரர் நத்தையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிமிர்ந்தார். திரையில் ஆற்றங்கரைப் படை உறைந்து நின்றது. அதன் குறுக்கே, இத்தனை வருஷத்தில் அவர் பார்த்தேயிராத எழுத்துகள்: ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

"பூட்டு," என்றது ஸ்பீக்கர். டீச்சரின் குரல் உடைந்திருந்தது. "நிறுத்திட்டேன். அவர் எப்படி இருக்கார்?"

"தெரியலை டீச்சர். பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவசரம் என்னவோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பிறகு நத்தையின் தாடை அசைந்தது. நாக்கு சப்புக்கொட்டியது. அந்தச் சின்னச் சத்தம் மைக் வழியே இரண்டு வீடுகளுக்கும் போயிருக்க வேண்டும், ஏனென்றால் "மெல்லுறார், மெல்லுறார்" என்று அவசரம் அழுதான்.

ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் நத்தை கண் திறந்தார். தரையில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து லென்ஸ்காரர் மாட்டிவிட்டார். தான் தேய்த்த லென்ஸ்களுக்குப் பின்னால் அந்தக் கண்கள் நிலைக்கு வரும்வரை காத்திருந்தார்.

"நான்தான் பூட்டு," என்றார். "அப்பவே சொல்லியிருக்கணும்."

நத்தை வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினார். "கடையில குரல் கேட்டப்பவே தெரியும். நீங்களா வெளிய வருவீங்கன்னு இருந்தேன்."

லென்ஸ்காரர் அந்த மனிதரின் கையை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய், அடுப்பின் திருகை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.