இடக்கையில் ஓடிய கடிகாரம்

எங்கள் அப்பா கொற்கையில் பிறந்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தூத்துக்குடிக்கு வந்து, தாத்தாவின் கயிற்றுக் கடையில் உட்கார்ந்தார்கள். தோணிக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கயிறும் வலையும் விற்ற கடை அது. தாத்தா காலமானபோது அந்தக் கடையும், தாத்தா ஒரு கப்பல் மாலுமியிடம் வாங்கிக் கட்டியிருந்த கைக்கடிகாரமும் அப்பாவுக்கு வந்தன.

அப்பாவின் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன சித்தப்பா, "அப்பாவின் பொறுமையைப் பற்றி எழுதும்மா" என்றார். மன்னிக்க வேண்டும், சித்தப்பா. அப்பாவுக்கு ஏது பொறுமை? கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவரைத் தெருமுனை திரும்பும்வரை முறைத்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணப் பந்தியில் சோறு வரத் தாமதமானால் எழுந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட மனுஷர் கட்டிலில் கிடந்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மழை வெள்ளம் கடைக்குள் புகுந்த வருஷம், அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றுச் சுருள்களை மேலே ஏற்றினார்கள். கையில் கடிகாரம் இருந்ததை மறந்துவிட்டார்கள். சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் அது நின்றுவிட்டது. வாட்ச் ரிப்பேர் கடைக்கு நானும் கூடப் போனேன். பின்மூடியைத் திறந்தால் உள்ளே துரு. ரிப்பேர்காரர் சக்கரங்களைத் தனித்தனியாகக் கழற்றிக் கழுவினார். இற்றுப்போன பாகத்துக்குப் பதிலாக வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுத்துப் போட்டு, எண்ணெய் வைத்து ஓடவிட்டார். கறை படிந்த முகப்பையும் புதுசாக்கித் தருவதாகச் சொன்னார்.

"அது கெடக்கட்டும். எங்கப்பா பாத்த மொகம்" என்றார்கள் அப்பா.

"இதுக்குச் சாவி குடுக்க முடியாது அண்ணாச்சி, ஆட்டோமேட்டிக். திருகுனா முள்ளுதான் நகரும். உள்ள இந்தத் தகடு ஆடுது பாத்தியளா? கை அசைய அசைய அதுவா சாவி ஏறிக்கிடும். கை சும்மா கெடந்தா மறுநாள் நின்னுரும்."

"என் கை எங்க சும்மா கெடக்கு?" என்று அப்பா சிரித்தார்கள்.

அடுத்த வருஷமே பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது கடிகாரத்தைத்தான். நான் வலக்கையில் கட்டப் போனேன். குழறிய வாயால், "ஏளா, இதுல இல்ல. அதுல கட்டு. அது ஓடுனாத்தான் கை வந்துட்டுன்னு கணக்கு" என்றார்கள். கட்டினேன். மறுநாள் நின்றுவிட்டது. அம்மா ரிப்பேருக்குக் கொடுத்துவரச் சொன்னார்கள். கைப்பையில் போட்டு நடந்தே போனேன். அங்கே மேசையில் எடுத்து வைத்தபோது அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் உடம்பைப் பற்றி ரிப்பேர்காரருக்கும் தெரியும். பின்மூடியைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அம்மாவின் சத்தம் கேட்டது. "ஓடுது! ஏளா, இங்கன வந்து கேளு, ஓடுது!" அன்றிலிருந்து எழுந்ததும் அம்மா செய்யும் முதல் வேலை, அந்த மணிக்கட்டில் காதை வைப்பது. அதற்குப் பிறகுதான் காப்பி. அப்பாவை நடத்தியே கூட்டிவருவதாகத் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டார்கள். பார்க்க வந்த உங்களில் பலரிடம் கை வந்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். பயிற்சி கொடுக்க வரும் பெண், "அசைவு இன்னும் வரலம்மா" என்றபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அசையாமத்தான் வாட்சு ஓடுதா? நீ நல்லாப் பாரு!"

நானும் நம்பினேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள், அப்பாவின் அறைக்குள் திடுமென நுழைந்துவிட்டேன். அப்பா வலக்கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். நெற்றியெல்லாம் வேர்வை. பிடி நழுவி அந்தக் கை மெத்தையில் தொப்பென்று விழுந்தது. மறுபடியும் எடுத்துக் குலுக்கினார்கள். பிறகுதான் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மைட்ட சொல்லிராத. அவ இதுலதான் எந்திச்சு நடமாடுதா" என்றார்கள்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தக் கை இனி வராது என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு எனக்கும் தெரிந்துபோயிற்று.

பக்கவாதம் இரண்டாவது முறை வந்தபோது அப்பா பிழைக்கவில்லை. குளிப்பாட்டுவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தோம். அது ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாளும் அப்பா குலுக்கியிருக்கிறார்கள். பாடையைத் தூக்கும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். "எடுக்காதிய! வாட்சு ஓடுது, கை அசஞ்சிருக்கு. உசுரு இருக்கு, எடுக்காதிய!" அண்ணன்தான் அம்மாவைப் பிடித்து விலக்கினான். கொள்ளி வைத்தவனும் அவன்தான்.

ஒரு வருஷமாக அம்மா அவனோடு பேசவில்லை. உயிரோடு இருந்தவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டான் என்பதுதான் அம்மாவின் பேச்சு. அவன் இருக்கும் அறையில் அம்மா இருப்பதில்லை. தலைத் திவசத்துக்கு நாள் குறித்தபோது, "அவன் கையால பிண்டம் வைக்கக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அண்ணன் குழந்தை மாதிரி விம்மினான். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீறி, பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன்.

வெள்ளத்தன்று எங்களோடு கயிறு தூக்கிய தோணிக்காரர்களுக்கும், திட்டு வாங்கிக்கொண்டும் பயிற்சி கொடுக்கத் தவறாமல் வந்த அந்தப் பெண்ணுக்கும், அம்மா சொன்னதையே சொன்னபோதும் முகம் சுளிக்காமல் கேட்டிருந்த பக்கத்து வீட்டு அக்காமார்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. திவசத்தில் அண்ணன்தான் பிண்டம் வைக்கிறான். அம்மா சம்மதித்துவிட்டார்கள்.

சம்மதிக்கும் முன்னால் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்கள். "அப்போ ஒருநா கூட அது தானா அசையலியாளா?"

"இல்லம்மா" என்றேன்.

அப்பா போன அன்று அம்மா அழவில்லை. இப்போதுதான் அழத் தொடங்கியிருக்கிறார்கள். திவசத்துக்கு வருகிறவர்கள் தேறுதல் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.