ஈரத்துணிக்குப் போட்ட டயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. சாயப்பட்டறையில் சாயமேற்றிய பனியன் துணியை ஏற்றிப் போய், ஊருக்கு வெளியே காயப்போடும் வெட்டவெளிக் காட்டில் இறக்குவது என் பிழைப்பு. காய்ந்த துணி சாது. ஈரத்துணி அப்படியில்லை. பார்வைக்குப் பாதி வண்டிகூட இருக்காது, பின் டயர் இரண்டும் பிதுங்கி நிற்கும். மழை பெய்துவிட்டால் காட்டுத் தடத்தில் சக்கரம் புதைந்து, நானும் வண்டியும் யாராவது வந்து தள்ளும்வரை தவம் கிடப்போம்.

நாளுக்குப் பத்து நடை அடித்தால்தான் துணி தீரும். எனக்கோ ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். காதர்பேட்டைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் என் மனைவிக்குச் செக்கிங் வேலை. ஆறு மணிக்கு ஷிப்ட் விடும்போது நான் வாசலில் நிற்பேன். வேலம்பாளையத்தில் எங்கள் வீடு இரண்டே அறை. அப்பா, அம்மா, தம்பி குடும்பம், நாங்கள். அங்கே அவளிடம் குழம்பில் உப்பு போட்டாயா என்று கேட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள். ஆகவே வண்டியின் முன்சீட்டில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். வழியில் பஜ்ஜி வாங்கிக்கொள்வோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து, சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டுவாள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் உழைத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெரிய டயர் யோசனை என்னுடையதுதான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை. கூடுதல் பாரம் ஏற்றினால் பத்து நடை ஆறாகும், ஐந்து மணிக்கே போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். டயர் கடை பாய் பெரிய டிஸ்க் மாட்டி, லாரி டயர் போலக் கெட்டியானதைப் போட்டு, மட்கார்டு ஓரத்தை வெட்டி, பாரம் தாங்கப் பின்பக்க வில்லில் இரண்டு பட்டையும் சேர்த்தார்.

“ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுடாதீங்க, டயர் உரசும். கொஞ்சம் அகலமா எடுத்துத் திருப்பிக்கங்க” என்றார். மண்டையை ஆட்டினேன். வண்டியின் அழகைப் பார்த்த மயக்கத்தில் இருந்தவனுக்கு, எங்கள் வீட்டுச் சந்தில் அகலம் ஏது என்று உறைக்கவில்லை.

அன்று சந்து முனையில் நாலு தடவை முன்னும் பின்னும் போனேன். பக்கத்து வீட்டுச் சுவர்தான் தேய்ந்தது. மறுநாள் முதல் அவளைச் சந்து முனையில் இறக்கிவிட்டு, வண்டியைச் சாயப்பட்டறை வளாகத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு சைக்கிளில் வந்தேன்.

வண்டி அங்கே நின்றால் ஆளும் அங்கேதானே. ஆறு நடையில் துணி தீர்ந்தது உண்மை. ஒரு வாரம்தான் அப்படித் தீர்ந்தது. அப்புறம் சாயப்பட்டறை மேனேஜர் இன்னொரு பட்டறைத் துணியையும் சேர்த்தார். நான் கிளம்பும் நேரம் பார்த்து வருவார். “ஏனுங்கண்ணா, ஒரே ஒரு நடைங்க. உங்க வண்டியாட்ட வேற எந்த வண்டிங்க இழுக்குது?” மரியாதையில்லாமல் அதட்டியிருந்தால் சாவியை வீசிவிட்டு வந்திருப்பேன். இந்த ‘ங்க’ போட்டே ஆளைக் கட்டிப்போடும் வித்தை இருக்கிறதே! அதோடு, வண்டியைப் புகழ்ந்தால் எனக்குப் பல்லெல்லாம் தெரியும். அந்தப் புத்தியை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

மனைவி நாலைந்து நாள் கம்பெனி வாசலில் ஏழு மணிவரை காத்து நின்றாள். பிறகு, “நீங்க அலையாதீங்க. ஆளுங்களைக் கொண்டாந்து விடற வேனுல வந்தர்றனுங்க” என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்துப் பழைய டயருக்கே திரும்பலாம் என்று பாயிடம் போனேன். “போடலாம். ஆனா இந்த லோடுக்கு ஒரு வாரந்தான் தாங்கும். மொதல்ல லோடக் கொறைங்க” என்றார். நேராக மேனேஜரிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள், “உங்க வண்டி இருக்குதுங்கிற தைரியத்துல இன்னொரு காடும் பேசியாச்சுங்கண்ணா” என்றார் சந்தோஷமாக. “சரிங்க” என்றேன். சொன்னது என் வாய்தான்.

அன்று சாயங்காலம் அந்தப் புதுக் காட்டுக்குப் பாரத்தோடு போனேன். வழியில் நெரிசலில் வண்டிகள் நின்றன. எனக்கு முன்னால் அவள் கம்பெனி வேன். பின் ஜன்னலோரம் என் மனைவி. பக்கத்திலிருந்த பெண்களுக்கு யாரையோ மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. விடாமல் அடித்தேன். முன்னால் வழி கிடைத்ததும் வேன் வீட்டுப் பக்கம் திரும்பியது. நான் காட்டுப் பக்கம் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாள். சுற்றிலும் எல்லோரும் இருந்தார்கள். “இன்னைக்கு எவனோ ஒரு லோடு வண்டிக்காரன் ஆரன் அடிச்சே மண்டைய ஒடச்சுட்டானுங்க” என்றாள். “ஊட்டுக்குப் போற அவசரமாட்ட இருக்குது.”

“இருக்கும்” என்றேன்.