தலைகீழாகத் திரும்பிய அலை

சோதனைக் கருவியின் பச்சைத் திரையில் அந்தக் கோடு மேலே எழும்பாமல் கீழே குத்தென்று இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் சோதிப்பது அப்போது என் வேலை. கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பினால், பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லிவிடலாம். கம்பி அறுந்திருந்தால் துடிப்பு போனபடியே நிமிர்ந்து வரும். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தலைகீழாக வரும்.

குத்தாலத்துக்குக் கிழக்கே அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த சமயம். ஒரு காலையில் மிராசுதார் வீட்டு லைன் செத்துப்போனது. கூலிக்காரப் பயல்கள் கம்பியை அறுத்துவிட்டார்கள் என்று அவர் எழுதிக்கொடுக்க, போலீஸ் சேரியில் ஆறு பேரைப் பிடித்துக் களத்துமேட்டில் போட்டு மாட்டை அடிப்பதுபோல் அடித்தது. அதில் ஒருவன் எங்கள் லைன்மேனின் தம்பி. லைன்மேன் ஓடிவந்து, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்த்தேன். துடிப்பு தலைகீழாக வந்தது. கம்பி அறுபடவே இல்லை. தூரத்தைக் கணக்குப் போட்டால், பழுது மிராசுதாரின் தென்னந்தோப்புக்குள்ளேயே இருந்தது.

லைன்மேன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் லைனுக்கு உயிர் வந்தது. கம்பத்தில் ஏறி, தன் சோதனைப் போனை மாட்டிக்கொண்டு பேசினார்.

"ரெண்டு கம்பியையும் முறுக்கிக் கட்டியிருந்தாங்க சார். பிரிச்சுட்டேன். இன்ஸ்பெக்டருக்கு உடனே ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. தம்பி தாங்க மாட்டான்."

அவர் முடிப்பதற்குள் கீழேயிருந்து மிராசுதாரின் குரல் கேட்டது. எனக்குப் பெரியப்பா முறை. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? அவனை இறக்கிக் கையை வெட்டி எடுங்கடா என்றார். போன் கம்பத்திலேயே தொங்கியிருக்க வேண்டும். இழுத்துப் போட்டார்கள், வெட்டினார்கள், அவர் அலறினார். அத்தனையும் ஏழு மைல் கம்பி வழியே என் காதில் விழுந்தது.

இன்ஸ்பெக்டருக்கு நான் போன் செய்யவில்லை. பயம். பெரியப்பாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்ற பாழாய்ப்போன புத்தி. என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். சாயங்காலம் லைன்மேனின் தம்பி போலீஸ் அடியில் செத்துப்போனான். லைன்மேன் கை போனது கம்பத்திலிருந்து விழுந்ததால் என்று எழுதி முடித்தார்கள். இன்று கம்பியே இல்லாமல் பேரனோடு பேசுகிறேன். போனைக் காதில் வைத்தாலே அந்த அலறல்தான் முதலில் வருகிறது.

அப்போது லைன்மேனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கை மணிக்கட்டோடு இல்லை. தான் சொன்னது எனக்குக் கேட்டதா என்று மட்டும் விசாரித்தார். லைன் விட்டு விட்டு வந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.



"லைன் நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார்.